ஆல்பம் ரெக்கார்டிங்: குமரி மாவட்டக் குழுக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் வில்லுப்பாட்டுக் குழு, சர்ச் கொயர், பஜனைக் குழு, அய்யாவழி ஏடுவாசிப்பு என்று எல்லாரும் ஆல்பம் போடுகிறார்கள். அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரையிலிருந்தும் பாடகர்கள் தமிழ்ப் பாட்டுப் பாட வருகிறார்கள். ரெக்கார்டிங் பக்கம் உட்கார்ந்திருக்கும் என்னிடம் எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

பாட்டெல்லாம் தயார். முதலில் என்ன மைக் வாங்க வேண்டும்?

ஒன்றும் வாங்க வேண்டாம். முதலில் போனில் ரெக்கார்ட் செய்யுங்கள். குழு முழுவதும் உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டையும் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை நிறுத்தாமல் பாடி, மறுநாள் கேளுங்கள். எந்தச் சரணத்தில் வேகம் ஏறுகிறது, எந்த வரியில் மூச்சு போதவில்லை, எந்த இடத்தில் ரெண்டு பேர் ரெண்டு விதமாகப் பாடுகிறார்கள் என்பதெல்லாம் போன் ரெக்கார்டிங்கிலேயே தெரிந்துவிடும். ஸ்டுடியோவுக்கு வந்து, மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துக்கொண்டு, "இந்த வரி 'உன்னையே'வா 'உன்னைத்தானே'வா" என்று சண்டை போடும் குழுக்கள் உண்டு. அந்தச் சண்டையை வீட்டில் இலவசமாகப் போடலாம்.

கேட்டு முடித்ததும் ஒரு தாளில் பாட்டுப் பெயர், ஸ்ருதி, வேகம், தாளம், யார் யார் எங்கே பாடுவது, இடையிசை எத்தனை ஆவர்த்தனம் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தத் தாள் கையில் இருக்கும் குழுவுக்கும் இல்லாத குழுவுக்கும் செலவில் பெரிய வித்தியாசம் வரும்.

ஸ்ருதி எப்படி முடிவு செய்வது? கீபோர்டுக்காரர் ஒன்று சொல்கிறார், பாடகர் ஒன்று சொல்கிறார்.

பாடகர் சொல்வதுதான் சட்டம். பாட்டின் மேல்ஸ்தாயி உச்சத்தையும் கீழ் எல்லையையும் பாடச் சொல்லுங்கள். உச்சத்தில் தொண்டை இறுகாமல், கீழே எழுத்து விழுங்காமல் வரும் இடம்தான் அவருடைய ஸ்ருதி. மாலையில் தொண்டை நன்றாகத் திறந்திருக்கும்போது மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ரெக்கார்டிங் காலை பத்து மணிக்கு என்றால் காலையில் பாடிப் பாருங்கள்.

இங்கே ஒரு குழப்பம் வழக்கமாக வரும். நம் பாகவதர்கள் கட்டைக் கணக்கில் பேசுவார்கள், கீபோர்டுக்காரர்கள் ஸ்கேல் கணக்கில் பேசுவார்கள். ஒரு கட்டை என்றால் சி. இரண்டு கட்டை டி, நாலு கட்டை எஃப், ஐந்து கட்டை ஜி, ஐந்தரை ஜி ஷார்ப். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் அரைக் கட்டை கிடையாது. அங்கேதான் பலர் தவறுகிறார்கள்.

அதைவிடப் பெரிய தலைவலி பழைய ஆர்மோனியம். கீபோர்டில் ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ் கணக்கில் நிற்கும். சர்ச்சில் பரம்பரையாக இருக்கும் ஆர்மோனியம் 446இல் நின்றால் வித்தியாசம் ஏறக்குறைய 23 சென்ட், அதாவது அரை ஸ்வரத்தில் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு. தனியாகக் கேட்டால் ரெண்டும் சரியாகத்தான் இருக்கும். சேர்த்து வாசித்தால் பல் கூசும். ஆர்மோனியத்தின் ரீடை யாரும் ஒரு நாளில் தேய்த்துச் சரிசெய்ய மாட்டார்கள். அதனால் கீபோர்டைத்தான் அதற்கு ஏற்றவாறு நகர்த்த வேண்டும். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் என்பது முழு அரை ஸ்வரமாகத் தாவும். அதைவிடச் சின்ன நகர்வுக்கு ஃபைன் டியூன் அல்லது மாஸ்டர் டியூன் என்று ஒரு இடம் இருக்கும், அங்கே போய் நகர்த்துங்கள். நாதஸ்வரம் சேர்ந்தாலும் இதே கதை. நாதஸ்வரம் எங்கே நிற்கிறதோ அங்கேதான் மற்ற எல்லாரும் போய் நிற்க வேண்டும். வாசிக்கிறவருக்கு உடம்பு சூடாகும்போது வாத்தியமும் கொஞ்சம் ஏறும். அதனால் அவர் பத்து நிமிடம் வாசித்த பிறகு ஸ்ருதி பாருங்கள்.

வேகம் தப்பாமலிருக்க ஹெட்ஃபோனில் ஓடவிடும் டிக் டிக் சத்தம், அதாவது கிளிக், கட்டாயமா?

கீபோர்டு, ரிதம் பேடு, கிட்டார் என்று ஒன்றன்மேல் ஒன்றாகத் தனித்தனியே ரெக்கார்ட் செய்யும் பாட்டுக்குக் கட்டாயம். கிளிக் இல்லாவிட்டால் பிறகு எந்த இடத்தையும் வெட்டி ஒட்ட முடியாது, ஒருவரின் தவறுக்காக எல்லாரும் திரும்ப வாசிக்க வேண்டிவரும். தாளமில்லாமல் பாடும் விருத்தத்துக்கும் தொகையறாவுக்கும் கிளிக் வேண்டவே வேண்டாம். அதைத் தனியாகப் பாடவிட்டு, பல்லவி எடுக்கும் இடத்தில் கிளிக்கை ஆரம்பிக்கலாம்.

வில்லுப்பாட்டுக்குக் கிளிக் போடச் சொல்கிறவரைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். கதை சூடு பிடிக்கும்போது வேகம் ஏறுவதுதான் அந்தப் பாட்டின் உயிர். சுடலைமாடன் கதையில் சாமியை வரவழைக்கும் வரத்துப் பாட்டு ஒரே வேகத்தில் போனால் யாருக்கு ஆராசனை வரும், யார் சாமியாடுவார்?

சிலருக்குக் கிளிக் சத்தம் காதில் விழுந்தால் பாட்டே வராது. அவர்களுக்கு டிக் டிக் என்பதற்குப் பதிலாக மெல்லிய தபலா லூப் ஒன்றைக் காதில் கொடுத்தால் போதும், வேலை நடந்துவிடும்.

ஸ்டுடியோவுக்குத்தான் வர வேண்டுமா? வீட்டிலோ சர்ச்சிலோ எடுக்கலாமா?

தாராளமாக எடுக்கலாம். முதலில் அறையின் நடுவில் நின்று ஓங்கி ஒரு கைதட்டு தட்டுங்கள். சத்தம் உடனே அடங்கினால் நல்லது. "டிர்ர்ர்" என்று சுவருக்குச் சுவர் துள்ளினால் அந்தத் துள்ளல் அப்படியே பாட்டில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க முடியாது. காய்ந்த சத்தத்துக்கு எதிரொலி சேர்ப்பது ரெண்டு நிமிட வேலை. எதிரொலி கலந்த சத்தத்தைக் காயவைப்பது நடக்காத வேலை. அதற்கு மென்பொருள் வந்துவிட்டது என்பார்கள். வந்துவிட்டது, ஆனால் அது குரலையும் கொஞ்சம் சேர்த்தே தின்னும்.

உயரமான காங்கிரீட் கூரையும் டைல்ஸ் தரையும் உள்ள புதிய சர்ச்சுகளில் கொயர் பாடினால் நேரில் கேட்க அருமையாக இருக்கும். ஆனால் மைக்கைப் பத்தடி தள்ளி வைத்தால் ஒரு சொல்லும் புரியாது. எடுத்தே தீர வேண்டும் என்றால் பாடுபவர்களை மைக்குக்கு அருகில் கொண்டுவாருங்கள், தரையில் ஜமுக்காளம் விரியுங்கள், திரைச்சீலைகள் எல்லாவற்றையும் இழுத்து விடுங்கள்.

வீட்டில் பத்துக்குப் பத்து சதுர அறையைத் தவிர்ப்பது நல்லது. நீளமும் அகலமும் ஒன்றாக இருக்கும் அறையில் ஒரே தாழ்ந்த ஸ்வரம் ரெண்டு பக்கத்திலும் சேர்ந்து உப்பும். பத்தடிக்கு அது ஏறக்குறைய 56 ஹெர்ட்ஸில் விழும். குடம், தவில் தொப்பி, பேஸ் கிட்டார் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு அடி மட்டும் வீங்கித் தெரிவது இதனால்தான். பழைய நாஞ்சில் வீடுகளின் மரமச்சு போட்ட அறைகள் ரொம்ப நன்றாக இருக்கும். சாமான் நிறைந்த அறை இன்னும் நல்லது.

சுவரில் முட்டை அட்டை ஒட்டலாமா? எங்களிடம் ரப்பர் ஷீட் நிறைய இருக்கிறது, அது போதுமா?

முட்டை அட்டையால் ஒரு பலனும் இல்லை. மெல்லிய காகிதக் கூழ் அது. கீச்சென்ற உயர்ந்த சத்தத்தைக் கொஞ்சம் தடவிவிடும், மற்றதெல்லாம் அப்படியே சுவரில் பட்டுத் திரும்பும்.

ரப்பர் கேள்வியை நம்ம ஊரில்தான் கேட்பார்கள். ரப்பர் ஷீட் சத்தத்தை உறிஞ்சாது. காற்று உள்ளே புகுந்து வெளியே வரும் பொருள்தான் சத்தத்தை உறிஞ்சும், ரப்பரில் காற்று புகாது. ஆனால் மைக் ஸ்டாண்டின் காலுக்குக் கீழே ஒரு துண்டு ரப்பர் போட்டால் தரையில் நடக்கும் அதிர்வு மைக்குக்கு ஏறாது. அதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

உறிஞ்சுவதற்கு வீட்டிலேயே இருக்கும் நல்ல பொருள் இலவம்பஞ்சு மெத்தை. பாடுபவருக்குப் பின்னால் ஒன்று, ரெண்டு பக்கமும் ஒவ்வொன்று, சுவரை ஒட்டாமல் அரையடி தள்ளி நிறுத்துங்கள். மைக் பாடுபவரின் முகத்தைப் பார்க்கிறது, முகத்துக்குப் பின்னால் இருக்கும் சுவரையும் அதுதான் பார்க்கிறது. அதனால் பின்னால் உள்ள மெத்தைதான் முக்கியம். மைக்குக்குப் பின்னால் மட்டும் பஞ்சை வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

எந்த மாதத்தில் வைத்துக்கொள்ளலாம்?

இதைக் கேட்கிறவர் விவரமானவர். குமரி மாவட்டத்துக்கு ரெண்டு மழைக்காலம். ஜூனில் தென்மேற்கு ஆரம்பிக்கும், அது ஓய்ந்ததும் அக்டோபரில் வடகிழக்கு. ஓட்டுக் கூரையானாலும் தகரக் கூரையானாலும் மழை பெய்யும்போது ரெக்கார்டிங் இல்லை. ஜனவரி, பிப்ரவரி நல்லது. அதிலும் பக்கத்துக் கோயிலில் கொடையோ சர்ச்சில் திருவிழாவோ இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு நாள் குறியுங்கள். குழாய் ஒலிபெருக்கிக்கு எந்த மெத்தையும் தடை ஆகாது. ஏப்ரல், மே மாதங்களில் மாலையில் இடி மின்னல் வரும். முதல் உறுமல் கேட்டதும் மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இண்டர்ஃபேஸ், கம்ப்யூட்டர் எல்லாவற்றின் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

அறைக்குள்ளே ஃபேன், ஃபிரிட்ஜ், டியூப்லைட் மூன்றையும் நிறுத்திவிட்டு ஹெட்ஃபோனில் ஒரு நிமிடம் வெறும் அறையைக் கேளுங்கள். "ம்ம்ம்" என்று தாழ்ந்த இரைச்சல் கேட்டால் அது நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். பெரும்பாலும் எர்த் சரியில்லை, அல்லது லேப்டாப் ஒரு பிளக்கிலும் ஸ்பீக்கர் வேறொரு பிளக்கிலும் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே போர்டில் சொருகிப் பாருங்கள். லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டினால் இரைச்சல் நிற்கிறது என்றால் குற்றவாளி சார்ஜர். இன்வெர்ட்டரில் ரெக்கார்ட் செய்யாதீர்கள். அதிலும் மலிவான சதுர அலை இன்வெர்ட்டர் எல்லா லைனிலும் ரீங்காரம் போடும்.

குரலுக்குக் கண்டென்சர் மைக்கா, டைனமிக்கா?

அறை நன்றாக இருந்தால் கண்டென்சர். அறை மோசம் என்றால் டைனமிக். கண்டென்சர் மெல்லிய மூச்சைக்கூட எடுக்கும், பக்கத்து வீட்டுக் கோழியையும் அதே அக்கறையோடு எடுக்கும். அதற்கு 48 வோல்ட் ஃபாண்டம் பவர் வேண்டும், இண்டர்ஃபேஸில் ஒரு சுவிட்ச் இருக்கும். மேடையில் பாடும் சாதாரண டைனமிக் மைக்கில் எடுத்த குரல் ஆல்பத்துக்கு ஆகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தூரம் ஒரு சாண் வைத்துக்கொள்ளுங்கள். மிக அருகில் போனால், முன்பக்கச் சத்தத்தையே அதிகம் எடுக்கும் கார்டியாய்டு மைக்கில் அடிச்சத்தம் தானாக ஏறும். மேடைப் பழக்கத்தில் மைக்கை உதட்டோடு ஒட்டிப் பாடுகிறவர்களின் குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் இருப்பது அதனால்தான். ப வரும் இடங்களில் காற்று வெடிக்காமல் இருக்க நடுவில் பாப் ஃபில்டர் என்ற வலைத்திரை வையுங்கள். மைக்கை மூக்கு உயரத்தில் வைத்து வாயைப் பார்க்கக் கொஞ்சம் சாய்த்தால் பாதி வெடிப்பு அதிலேயே போய்விடும்.

வில்லுப்பாட்டை ஒவ்வொருவராகத் தனித்தனியே எடுக்கலாமா? சுத்தமாக வரும் என்கிறார்களே.

சுத்தமாக வரும், செத்தும் வரும். கதை பாடும் புலவர் ஒரு வரி சொன்னதும் பின்பாட்டுக்காரர் "ஆமா" போடுகிறார். அந்த "ஆமா" எப்போது வரும், எவ்வளவு நீளும், கிண்டலாகவா வியப்பாகவா என்பதை அவர் புலவரின் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். ஹெட்ஃபோனில் வரியைக் கேட்டுவிட்டுத் தனியறையில் "ஆமா" போட்டால் அது வருகைப் பதிவுக்கு "உள்ளேன் ஐயா" சொல்வதுபோல் ஆகிவிடும். எல்லாரும் ஒன்றாக உட்காரட்டும். ஒருவர் மைக்கில் மற்றவர் சத்தம் கொஞ்சம் விழும், விழட்டும்.

அளவோடு விழ வைக்கும் வழி இது. ஒவ்வொரு மைக்கும் தன் ஆளிடமிருந்து எவ்வளவு தூரமோ, அதைப்போல் மூன்று மடங்காவது அடுத்த மைக் தள்ளி இருக்க வேண்டும். புலவர் ஒரு சாணில் பாடினால் பக்கத்து மைக் மூன்று சாணுக்கு அப்பால். மேடையில் உட்காரும் வரிசையைக் கொஞ்சம் வளைத்து அரைவட்டமாக்கினால் ஒருவரை ஒருவர் பார்க்கலாம், மைக்கின் முதுகும் அடுத்தவர் பக்கம் திரும்பும்.

குடத்துக்குத் தனி கவனம் வேண்டும். குடத்தின் வாயில் அடிக்கும்போது வருவது சத்தம் மட்டும் இல்லை, ஒரு குத்துக் காற்றும் சேர்ந்து வரும். மைக்கை வாய்க்கு நேர் மேலே வைத்தால் ஒவ்வொரு அடிக்கும் "புஃப்" என்று மைக் மூச்சுத் திணறும். வாயின் விளிம்புக்கு வெளியே ஒரு சாண் தள்ளி, சாய்வாக, விளிம்பைப் பார்க்கும்படி வையுங்கள். அப்போது வாயின் "தும்" என்ற அடியும் கிடைக்கும், குடத்தின் உடம்பில் தட்டும் "டிங்" என்ற மண் ஒலியும் கிடைக்கும். அந்த டிங் இல்லாவிட்டால் குடம் வெறும் டிரம் போலத்தான் கேட்கும். வில்லைக் குடத்தோடு கட்டியிருப்பதால் நாணில் விழும் வீசுகோல் அடியும் குடத்துக்குள் இறங்கி வரும், அதைத் தடுக்கப் போகாதீர்கள்.

வில்லின் மணிகளுக்குத் தனி மைக் வேண்டாம். புலவரின் மைக்கிலேயே வேண்டிய அளவுக்கு மேல் விழும். ஜால்ராவுக்கும் மைக் கிடையாது. அவரை ஒரு கெஜம் பின்னால் உட்கார வைத்தால் போதும், மனம் கோணாமல் சொல்ல வேண்டும். உடுக்கைக்கு மட்டும் ஒன்று வையுங்கள். கயிற்றை அழுத்தி விடும்போது சத்தம் வளைந்து ஏறி இறங்குகிறதே, அது தூர மைக்கில் தொலைந்துவிடும். மைக்கை ஒரு பக்கத் தோலுக்குப் பக்கவாட்டில் காட்டுங்கள்.

செண்டை, நாதஸ்வரம், தவில்?

செண்டை, சிங்காரி மேளம் எல்லாம் திறந்த வெளிக்கு உண்டானவை. சின்ன அறைக்குள் எடுத்தால் அறைதான் ரெக்கார்ட் ஆகும். பள்ளிக்கூட மைதானமோ தென்னந்தோப்போ பாருங்கள், காற்றுக்கு மைக் மேல் பஞ்சுறை போடுங்கள். தவிலுக்கு ரெண்டு மைக். வலந்தலை என்ற ஒரு முகத்தில் விரல் கூடுகள் அடிக்கும் அடியும் தொப்பி என்ற மறுமுகத்தில் குச்சி அடிக்கும் அடியும் வேறு வேறு உலகம். நாதஸ்வரத்தில் எல்லாரும் மைக்கை அடியில் விரிந்திருக்கும் அணைசுக்குள் நீட்டுவார்கள். சத்தம் விரல் துளைகளிலிருந்தும் வருகிறது, அதனால் ஒரு மீட்டர் தள்ளி நடுக்குழலைப் பார்க்க வையுங்கள்.

லெவல் எவ்வளவு? சிவப்பைத் தொட்டால்தான் சத்தமாக இருக்கும் என்கிறார்களே.

அது கேசட் காலத்துப் பேச்சு. டேப்பில் இரைச்சல் இருந்தது, அதை மூடச் சத்தமாக எடுத்தார்கள். இப்போது 24 பிட்டில் எடுக்கிறோம். உச்சம் மைனஸ் 12, மைனஸ் 10 டெசிபலில் நின்றால் ஒன்றும் குறையாது. சிவப்பைத் தொட்டால் அலையின் தலை வெட்டுப்பட்டுப் போகும், திரும்ப முளைக்காது. ஒத்திகையில் பாடும் சத்தத்தை வைத்து லெவல் வைக்காதீர்கள். ரெக்கார்ட் என்றதும் எல்லாரும் ஒரு படி கூடத்தான் பாடுவார்கள்.

சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸ் போதும். ஒரு மோனோ டிராக்குக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 8.6 மெகாபைட் ஆகும். முப்பது டிராக், ஐந்து நிமிடப் பாட்டு என்றால் ஒரு டேக்குக்கு 1.3 ஜிபி. ஹார்ட் டிஸ்க்கில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து, அந்த டிஸ்க்கை வேறொருவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்.

ஹெட்ஃபோனில் என் குரல் தாமதமாகக் கேட்கிறது.

கம்ப்யூட்டர் சத்தத்தைச் சேர்த்துச் சேர்த்து அனுப்பும் பஃபர் அளவைக் குறையுங்கள். 512 என்று இருந்தால் ஒரு வழிக்கு மட்டுமே 10.7 மில்லிசெகண்ட், 128 ஆக்கினால் 2.7. கம்ப்யூட்டர் திணறினால் இண்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் பொத்தான் இருக்கும், அதை அழுத்துங்கள். ஒரு காதை மட்டும் மூடிப் பாடுவது பலருக்கு ஸ்ருதியைச் சரியாக்கும். ஆனால் திறந்து கிடக்கும் அடுத்த பக்கத்தைக் கன்னத்தோடு அழுத்திவையுங்கள், கிளிக் கசியும்.

"அண்ணாச்சி, அதை மிக்ஸிங்கில் சரிபண்ணிக்கலாம்லா?"

எனக்கு அலுத்துப்போன கேள்வி இதுதான். சத்தம் கூட்டிக் குறைக்கலாம், அடியைச் செதுக்கலாம், ஒரு சொல்லை இன்னொரு டேக்கிலிருந்து எடுத்து ஒட்டலாம், கொஞ்சம் தவறிய தாளத்தை நகர்த்தலாம். உணர்ச்சி இல்லாத பாட்டுக்கு உணர்ச்சி ஏற்ற முடியாது. எதிரொலியையும் மழையையும் வெட்டுப்பட்ட லெவலையும் முழுசாக எடுக்க முடியாது.

ஸ்ருதியைத் தானாகத் திருத்தும் ஆட்டோடியூன் பற்றியும் கேட்பீர்கள். நேர் ஸ்வரமாகப் பாடும் கொயர் பாட்டில் அளவோடு போட்டால் தெரியாது. ராகத்தில் நிற்கும் பாட்டில் ஆபத்து. தோடியின் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்பதில்லை, அசைந்துகொண்டே இருப்பதுதான் அந்த ஸ்வரம். கருவி அந்த அசைவைத் தவறு என்று நினைத்துப் பக்கத்துக் கட்டையில் அறைந்துவிடும். அப்புறம் அது தோடி இல்லை. இப்படிப்பட்ட பாட்டில் தவறிய ஓரிரு இடத்தைக் கையால் மட்டும் திருத்தச் சொல்லுங்கள், அல்லது அந்த வரியைத் திரும்பப் பாடிவிடுங்கள். திரும்பப் பாடுவதுதான் சீக்கிரம் முடியும்.

ஒரு பாட்டுக்கு மூன்று நாலு முழு டேக் எடுத்து நிறுத்துங்கள். அதற்கு மேல் தொண்டையும் முகமும் வாடிவிடும். சுக்குக் காப்பி குடித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போகலாம்.

மலையாளம் படித்த பாடகருக்குத் தமிழ்ப் பாட்டை எப்படி எழுதிக் கொடுப்பது?

காதால் கேட்கிறபடி எழுதிக் கொடுங்கள். தமிழில் ஒரே "க" எழுதி மூன்று விதமாக ஒலிக்கிறோம். எழுத்துக்கு எழுத்து மலையாளத்தில் மாற்றினால் எந்த இடத்தில் எந்த ஒலி என்று அவருக்குத் தெரியாது. சொல்லின் முதலில் வரும் "ச" இன்னொரு இடம். நாம் மெல்ல ஒலிக்கும் இடத்தில் அவருக்கு "ச்ச" வரும். ஒலியை வைத்து எழுதிவிட்டு, தமிழ் தெரிந்த ஒருவர் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கண்ட்ரோல் ரூமில் உட்கார வேண்டும். ரெக்கார்டிஸ்ட் அந்த வேலையைப் பார்ப்பார் என்று விடாதீர்கள், அவர் காது அப்போது வேறு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கும். ழகரத்துக்கு எல்லை தாண்டி வருகிறவர்களைக் குறை சொல்ல முடியாது, பல சமயம் நம் ஆட்களைவிட நன்றாகப் பாடுவார்கள்.

மிக்ஸ் முடிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஸ்டுடியோ ஸ்பீக்கரில் நன்றாகத்தான் இருக்கும். போனில், காரில் கேளுங்கள். அப்புறம் மோனோவில் கேளுங்கள். நம் பாட்டு கொடையிலும் திருவிழாவிலும் குழாயில்தான் ஓடும். குழாய் மோனோ, அதில் அடிச்சத்தமும் இல்லை. இடம் வலம் என்று அகலமாக விரித்துவைத்த கீபோர்டு மோனோவில் சில சமயம் காணாமலே போகும். குரல் மட்டும் எல்லா இடத்திலும் புரிய வேண்டும்.

மிக்ஸுக்குப் பிறகு வரும் கடைசி வேலையான மாஸ்டரிங்கில் சத்தத்தை ஏற்றி ஏற்றி நெருக்க வேண்டியதில்லை. யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் பாட்டின் சராசரிச் சத்தத்தை மைனஸ் 14 லஃப்ஸ் என்ற அளவை ஒட்டி நிறுத்திவிடும், அதற்கு மேல் ஏற்றினால் அவர்களே குறைப்பார்கள். உச்சத்தை மைனஸ் 1 டெசிபலில் நிறுத்துங்கள்.

பழைய பாட்டுகளைப் பாடினால் உரிமை வாங்க வேண்டுமா?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவர் இறந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டு உரிமை இருக்கும். நம் தேரூர்க்காரர் கவிமணி 1954இல் மறைந்தார். 2014ஆம் ஆண்டோடு அவர் உயிரோடிருந்தபோது வெளிவந்த பாடல்களின் உரிமைக் காலம் முடிந்தது. வேதநாயக சாஸ்திரியார் 1864இல் மறைந்தவர். அவர் கீர்த்தனைகளைப் பாட யாரையும் கேட்க வேண்டாம். பாபநாசம் சிவன் 1973இல்தான் மறைந்தார் என்பதால் அவர் பாட்டுகளுக்கு 2033 முடியும் வரை உரிமை உண்டு. பாட்டு பொதுவுடைமை ஆனாலும் யாரோ பாடி வெளியிட்ட ரெக்கார்டிங்குக்குத் தனி உரிமை இருக்கிறது, அதன் இடையிசையை வெட்டி எடுக்காதீர்கள்.

சினிமா மெட்டில் பக்திப் பாட்டு எழுதுவது இங்கே பழகிப்போன வழக்கம். கேசட்டில் அது ஓடிவிட்டது. இப்போது இணையத்தில் ஏற்றிய உடனே மெட்டைக் கருவி கண்டுபிடித்து, வரும் காசை மெட்டின் உரிமையாளருக்குத் திருப்பிவிடும் அல்லது பாட்டையே எடுத்துவிடும். முதல் ரெக்கார்டிங் வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு ஆனபிறகு அந்தப் பாட்டை நாமே பாடி, கவர் என்று வெளியிடச் சட்டத்தில் வழி இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது. ஆனால் அது அதே பாட்டை, வார்த்தை மாற்றாமல் பாடுவதற்கு. அதற்கும் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியை முன்கூட்டியே கட்ட வேண்டும். நம்மூர்க் குழுவுக்குக் கட்டுப்படியாகாது. சொந்த மெட்டுப் போடுங்கள்.

பாட்டு எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் நம்ம ஆட்கள்தானே, எழுத்தில் ஒப்பந்தம் எதற்கு?

நம்ம ஆட்கள் என்பதால்தான். பாட்டு ஓடாவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். ஓடிவிட்டால் பங்காளிச் சண்டை வரும். உரிமையை எழுதிக் கையெழுத்துப் போடாமல் மாற்றிக்கொடுக்க முடியாது. எழுதும்போது காலம் குறிப்பிடாவிட்டால் சட்டம் ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று எடுத்துக்கொள்ளும். வளைகுடாவில் இருக்கும் நம் ஆட்கள் கேட்கப் போகும் ஆல்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. அந்தச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு கவிஞரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கைத் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுத்ததாக எழுதினாலும் அது செல்லாது.

குடம் அடித்தவர், ஜால்ரா போட்டவர் உட்பட எல்லார் பெயரையும் எழுத்துப்பிழை இல்லாமல் ரெக்கார்டிங் அன்றே வாங்கி வையுங்கள். இணையத்தில் ஏற்றும் நிறுவனம் ஒவ்வொரு பாட்டுக்கும் எழுத்தும் எண்ணுமாக 12 இடம் கொண்ட ஐஎஸ்ஆர்சி என்ற அடையாளக் குறியீடு கேட்கும் அல்லது தானே கொடுக்கும். அதைப் பாட்டு எழுதிய அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். திருவிழாவுக்கு வெளியிட வேண்டும் என்றால் கொடியேற்றத்துக்கு முந்தின நாள் ஏற்றாதீர்கள், ரெண்டு மூன்று வாரம் முன்னாலேயே அனுப்பிவிடுங்கள்.